பெயர்ச்சொல் காலம் காட்டாது!

(‘பெரிய ஆட்டத்தில் சறுக்கும் வீரர்களைச் சோக்கர் என்று அழைப்பது நியாயமே! அநியாயமே!’ என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சிப் பட்டிமன்றத்தில், ‘அநியாயமே’ என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியது.)



இந்தத் தலைப்பை வீட்டுல போய்ச் சொன்னேன் ஐயா. எங்க அம்மாவுக்கு 78 வயசு. "என்னப்பா தலைப்பு?"ன்னாங்க. "சோக்கர்னு கூப்பிடுறது நியாயமா, அநியாயமாம்மா"ன்னேன். "ஏன்டா, மதுரையில குடியிருந்துக்கிட்டுக் கேக்குற கேள்வியாடா இது? சொக்கரைச் சொக்கர்னு கூப்பிடாம வேற எப்படிடா கூப்பிடுறது? மீனாட்சி வீட்டுக்காரர்டா அவரு!"ன்னாங்க. (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

நடுவர்: அம்மாவே தீர்ப்புச் சொல்லிட்டாங்க. நான் கிளம்பட்டுமா? (சிரிப்பு)

இருங்கய்யா, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. இது அந்தச் சொக்கர் இல்லை. இது வெள்ளைக்காரன் வார்த்தை. தொண்டையில சோறு அடைச்சு மூச்சுத் திணறுது பாருங்க, அதுக்குப் பேரு அவன் பாஷையில ‘சோக்’. ஜெயிக்கிற நேரத்தில் தொண்டை அடைத்துப்போய், கையில் இருக்கிற வெற்றியைக் கோட்டை விடுகிறவன் சோக்கர். இதுதான் அர்த்தம்.

எதிரணித் தலைவர் கம்பீரமாகப் பேசினார். "ஒரு தடவை தவறினால் விபத்து, ஏழு தடவை தவறினால் வியாதி" என்றார். நீங்களும் கை தட்டினீங்க. நானும் தட்டினேன். நல்லாச் சொன்னா யார் சொன்னாலும் தட்டணும். (சிரிப்பு) ஆனா சொன்னது நல்லா இருந்தா போதுமா, சரியா இருக்க வேண்டாமா?

முதல்ல அவங்களுக்கு ஒரு விஷயத்தை ஒத்துக்கிறேன். பெரிய ஆட்டத்துல மனுஷனுக்குக் கை நடுங்கும். அது பொய் இல்லை. நம்ம வீட்டு அம்மா தினமும் 40 தோசை ஊத்துறாங்க. என்னைக்காவது "கரண்டியை இத்தனை சுத்து சுத்தணும்"னு எண்ணிக்கிட்டா ஊத்துறாங்க? கை பாட்டுக்கு ஊத்தும், வாய் பாட்டுக்கு நம்மளைத் திட்டும். (சிரிப்பு) அதே அம்மாவை, புதுச் சம்பந்தி வீட்டுக்காரங்க அடுப்படியில வந்து நின்னு, "நீங்க எப்படி ஊத்துறீங்கன்னு பார்க்கலாம்"னு சொல்லட்டும். முதல் தோசை பிஞ்சுடும். ஏன்? கை மறந்துபோச்சா? இல்லை. அதுவரைக்கும் கை தானாகச் செய்த வேலையை, இப்ப மூளை வந்து மேற்பார்வை பார்க்குது. மேற்பார்வைக்கு ஆள் வந்து நின்னா எந்த ஆபீஸ்ல ஒழுங்கா வேலை நடக்குது? (சிரிப்பு, கைதட்டல்) விளையாட்டு வீரர்களின் மனத்தை ஆராய்ந்தவர்கள் சொல்லுகிற முக்கியமான காரணங்களில் இதுவும் ஒன்று. பழகிப் பழகித் தானாக நடக்கிற காரியத்தை, பதற்றத்தில் ஒவ்வொரு அங்குலமாகக் கவனித்துச் செய்யப் போனால் அது உடைந்துவிடும். ஆக, உடையணும்னாலும் முதல்ல பழகியிருக்கணும். தோசையே ஊத்தத் தெரியாத எனக்கு உடையறதுக்கு என்ன இருக்கு?

சரி, அன்னைக்கு ஒரு தோசை பிஞ்சதுக்காக அம்மாவுக்குத் ‘தோசை பிச்சி’ன்னு பேர் வைப்பீங்களா? வச்சுப் பாருங்க, ராத்திரி சோறு கிடைக்குதான்னு பார்ப்போம். (பலத்த சிரிப்பு)

நடுவர் அவர்களே, நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறவன். சின்ன வகுப்பிலேயே சொல்லிக் கொடுக்கிற இலக்கணம் இது. வினைச்சொல் காலம் காட்டும், பெயர்ச்சொல் காலம் காட்டாது. ‘சறுக்கினான்’ என்பது வினை. எப்போ? நேற்று. அத்தோட முடிஞ்சது. நாளைக்கு அவனே ‘நிமிர்ந்தான்’. அதுவும் வினைதான். ஆனா ‘சோக்கர்’ என்பது பெயர். அதுல நேத்து இல்லை, இன்னைக்கு இல்லை, நாளைக்கு இல்லை. அவன் பல் துலக்கும்போதும் சோக்கர், பிள்ளையைக் கொஞ்சும்போதும் சோக்கர். ஒருநாள் நடந்த ஒரு வினையைப் பிடித்து, காலமே இல்லாத பெயராக மாற்றுகிறீர்களே, அதைத்தான் அநியாயம் என்கிறேன். (கைதட்டல்)

நடுவர்: தமிழ் வாத்தியாரே, ஒரு நிமிஷம். வினையாலணையும் பெயர்னு ஒண்ணு உண்டே? அது பெயராகவும் இருக்கும், காலமும் காட்டுமே? (கைதட்டல்)

ஐயா கேட்பீங்கன்னு தெரியும். ‘சறுக்கியவர்’னு சொல்லுங்க, இப்பவே கையெழுத்துப் போட்டுத் தர்றேன். அந்தச் சொல்லுக்குள்ளேயே இறந்தகாலம் இருக்கு. செத்துப்போன சமாசாரம்னு அந்தச் சொல்லே சொல்லிடுது. எதிரணிக்காரங்க அப்படியா சொல்றாங்க?

நடுவர்: தப்பிச்சிட்டார். மேலே போங்க. (சிரிப்பு)

இந்தப் பட்டத்தை உலகத்திலேயே அதிகம் சுமந்தவர்கள் தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் அணியினர். எதிரணியில் இதுவரை பேசின ரெண்டு பேரும் அவங்களைத்தான் சாட்சிக் கூண்டில் ஏற்றினாங்க. நான் அதே சாட்சியைக் குறுக்கு விசாரணை பண்றேன்.

1992, சிட்னி. இனவெறி ஆட்சியின் காரணமாக 20 வருஷத்துக்கு மேலே உலகம் ஒதுக்கி வைத்திருந்த நாடு, திரும்பி வந்து ஆடிய முதல் உலகக் கோப்பை. அரையிறுதி. இங்கிலாந்துக்கு எதிராக 13 பந்தில் 22 ரன் வேண்டும். மழை வந்தது. மழை நின்று திரும்பி வந்து பார்த்தால், பலகையில் ஒரே பந்து, 22 ரன்! கணக்குப்படி அது 21. ஒண்ணு குறைஞ்சா என்ன ஆகப் போகுது? ஒரு பந்தில் 21 ரன் எடுக்க அனுமார்தான் வரணும். (சிரிப்பு) இதுல யாருக்குத் தொண்டை அடைச்சது? வானத்துக்கா?

2003, டர்பன். இலங்கையோடு ஆட்டம். மழை வருது. 45 ஓவர் முடியும்போது 229 இருந்தால் போதும் என்று உள்ளே இருந்து சொல்லி அனுப்பினார்கள். மார்க் பவுச்சர், பந்து போடுறவர் யாரு, முத்தையா முரளிதரன், அவரையே சிக்ஸர் அடிச்சு 229க்குக் கொண்டு வந்துட்டார். அடுத்த பந்தைப் பத்திரமாத் தட்டி வச்சுட்டு நின்னார். பார்த்தா, 229 என்பது சமன் ஆகிற கணக்கு. ஜெயிக்க 230 வேணும். ஆட்டம் சமன், தென்னாப்பிரிக்கா வெளியே. நல்லா யோசிங்க. மழைக்கு நடுவுல, கடைசி ஓவர்ல முரளியைச் சிக்ஸர் அடிச்சவனுக்குத் தொண்டை அடைச்சிருக்குமா? அன்னைக்குத் தோத்தது கிரிக்கெட்டில் இல்லை ஐயா, கணக்குப் பரீட்சையில. கணக்குல ஒரு மார்க்குல போறது எவ்வளவு வலின்னு நம்ம வீட்டுப் பிள்ளைகளைக் கேளுங்க. (சிரிப்பு)

இப்ப 1999க்கு வர்றேன். இந்தப் பட்டத்துக்கு முத்திரை விழுந்தது அங்கதான். ஜூன் 17, பர்மிங்காம், எட்ஜ்பாஸ்டன் மைதானம். அரையிறுதி. ஆஸ்திரேலியா 213. கடைசி ஓவரில் தென்னாப்பிரிக்காவுக்கு 9 ரன் வேண்டும், கையில் ஒரே விக்கெட். ஆடுகிறவர் லான்ஸ் க்ளூஸ்னர். எதிர்முனையில் ஆலன் டொனால்ட். முதல் பந்து நாலு. இரண்டாவது பந்து நாலு. கணக்குச் சமம். நாலு பந்து பாக்கி, ஒரே ஒரு ரன் வேணும். நடந்து போனாலே கிடைக்கும்!

மூணாவது பந்து. க்ளூஸ்னர் அடிச்சார், பக்கத்திலேயே போச்சு. டொனால்ட் ஓடலாம்னு முன்னாடி வந்துட்டார். ரன் இல்லை. பதறித் திரும்புறார். லீமன் கிட்டத்திலிருந்து ஸ்டம்பைக் குறி பார்த்து எறிகிறார். பட்டிருந்தால் ஆட்டம் முடிந்தது. படவில்லை. டொனால்ட் தப்பித்தார்.

நாலாவது பந்து. க்ளூஸ்னர் அடிச்சுட்டு ஓடி வர்றார். டொனால்ட் ஓடவில்லை. பந்து எங்கே போகுதுன்னு பார்த்துக்கிட்டு நிக்கிறார். ஏன் ஓடல? எதிரணிச் சகோதரி "பயந்துட்டார்"னு ஒரே வார்த்தையில முடிச்சாங்க. அம்மா, போன பந்துல அவசரப்பட்டு முன்னாடி வந்து உயிர் தப்பினவர் அவர். அடுத்த பந்துல அவசரப்படக் கூடாதுன்னு நின்னார். சூடு கண்ட பூனை அடுப்படியில நிதானிச்சா அதுக்குப் பேர் கோழைத்தனமா? அது ஒரு நிமிஷத்துக்கு முன்னால படிச்ச பாடம்! பாடம் சரிதான், பந்துதான் வேற. திரும்பிப் பார்த்தார், க்ளூஸ்னர் பக்கத்துல வந்து நிக்கிறார். மட்டை கையை விட்டு விழுந்தது. வெறுங்கையோட ஓடினார். பந்து ப்ளெமிங் கைக்குப் போய், தரையில உருண்டு கில்கிறிஸ்ட் கைக்குப் போய், ஸ்டம்ப் விழுந்துது. 213க்கு 213. ஆட்டம் சமன். முந்தைய சுற்றுப் பட்டியலில் மேலே இருந்ததால் ஆஸ்திரேலியா இறுதிப் போட்டிக்குப் போனது.

இதில் யார் சோக்கர்? க்ளூஸ்னரா? 16 பந்தில் 31 ரன். அவர் இல்லைன்னா அந்த ஓவரே வந்திருக்காது. அந்த உலகக் கோப்பையின் தொடர் நாயகனே அவர்தான். டொனால்டா? பகலில் 32 ரன் கொடுத்து 4 விக்கெட் எடுத்தவர். ஆஸ்திரேலியா 213இல் சுருண்டதே அவராலும் பொல்லாக்காலும்தான். பேட்டிங்கில் அவர் ஒரு பந்தைக்கூடச் சந்திக்கவில்லை ஐயா! ஒரு பந்தும் ஆடாமலே உலகம் பூரா மட்டைக்காகப் பேர் வாங்கின ஆள் அவர் ஒருத்தராத்தான் இருக்கும். (சிரிப்பு)

இன்னொண்ணு கேளுங்க. அதுக்கு முந்தின ஓவர்ல க்ளூஸ்னர் தூக்கி அடிச்ச பந்து எல்லைக்கோட்டில் நின்ற ஆஸ்திரேலிய வீரர் ரைஃபல் கைக்குப் போச்சு. பிடிச்சிருந்தா அங்கேயே கதை முடிஞ்சது. கையில பட்டுத் தாண்டிப் போய்ச் சிக்ஸர் ஆயிடுச்சு! அடுத்த ஓவர்ல லீமன் கிட்டத்திலிருந்து எறிஞ்சு தவறவிட்டார். ரெண்டு ஓவருக்குள்ள ரெண்டு ஆஸ்திரேலியர்களுக்கும் கை சறுக்கியிருக்கு. அவங்களுக்கு என்ன பேர் வச்சீங்க? ஒண்ணும் வைக்கல. ஏன்? அவங்க கட்சி ஜெயிச்சுடுச்சு! சறுக்கினதுக்காகப் பேர் வைக்கிறீங்களா, தோத்ததுக்காகப் பேர் வைக்கிறீங்களா? (பலத்த கைதட்டல்)

2011இல் மீர்பூர். நியூசிலாந்து வைத்த இலக்கு 222. இரண்டு விக்கெட்டுக்கு 108 என்று போய்க்கொண்டிருந்தவர்கள் 172இல் சுருண்டார்கள். அது தடுமாற்றம்தான். நான் மறைக்கல. 2015, ஆக்லாந்து. அங்கே நல்லாத்தான் ஆடினாங்க. 2 பந்து, 5 ரன் என்கிற நிலையில் ஸ்டெய்ன் பந்தைச் சிக்ஸர் அடித்து நியூசிலாந்தை ஜெயிக்க வைத்தவர் கிரான்ட் எலியட். அவர் பிறந்த ஊர் எது தெரியுமா? ஜோகனஸ்பர்க்! தென்னாப்பிரிக்காவில் பிறந்த கைதான் தென்னாப்பிரிக்காவைத் தோற்கடிச்சது. அப்ப அந்த மண்ணுல பிறந்தா தொண்டை அடைக்கும்ங்கிற கதை என்ன ஆச்சு? (சிரிப்பு, கைதட்டல்)

ஒரு தடவை மழை, ஒரு தடவை ஓட்டக் குழப்பம், ஒரு தடவை கணக்குத் தப்பு, ஒரு தடவை நிஜமான தடுமாற்றம், ஒரு தடவை எதிராளியின் திறமை. எதிரணித் தலைவரே, வியாதின்னீங்களே, இத்தனை பேருக்கும் ஒரே சீட்டுல ஒரே மருந்தை எழுதிக் கொடுக்கிறவர் டாக்டரா? அவரைத்தான் முதல்ல பரிசோதனை பண்ணணும்! (பலத்த சிரிப்பு) அதுவும் வேற வேற ஆளுங்க. இந்தப் பேர் விழுந்த 1999இல் மார்க்ரமுக்கும் ரபாடாவுக்கும் 4 வயசு. டொனால்ட் கையிலிருந்து விழுந்த மட்டைக்கு இந்தக் குழந்தைங்க என்ன பண்ணும்? தாத்தா வாங்கின கடனைப் பேரன்கிட்ட வசூல் பண்றவன்கூட வீட்டுப் பத்திரத்தைக் காட்டிக் கேப்பான். இவங்க பத்திரமே இல்லாம கேக்குறாங்க.

‘கோட்டை விட்டான்’னு தமிழ்ல சொல்றோம். அருமையான வார்த்தை. கோட்டையை விடணும்னா முதல்ல கோட்டை கையில இருக்கணும். குடிசையே இல்லாதவன் கோட்டையை எங்கே விடுவான்? 1994 உலகக் கோப்பைக் கால்பந்து இறுதியில் ராபர்ட்டோ பாஜியோ பெனால்ட்டியைக் கம்பத்துக்கு மேலே அடித்தார், இத்தாலி தோற்றது. எல்லாருக்கும் தெரியும். அந்த இறுதிக்கு வரும் வழியில் மூன்று நாக்-அவுட் ஆட்டங்களில் இத்தாலி போட்டது 6 கோல். அதில் 5 கோல் பாஜியோ போட்டது! அந்த வரிசையில அவருக்கு முன்னாலேயே ரெண்டு இத்தாலிக்காரர்கள் தவறவிட்டுட்டாங்க. பேர் மட்டும் இவருக்கு.

ஜானா நோவோட்னாவை இங்கே இருக்கிற பெரியவங்களுக்கு ஞாபகம் இருக்கும். 1993 விம்பிள்டன் இறுதி. எதிரே ஸ்டெபி கிராப். மூணாவது செட்டில் 4-1 என்று முன்னிலை. இன்னும் ஒரு புள்ளியில் 5-1. சர்வ் போட்டார், இரண்டும் தவறு. அங்கிருந்து ஒரு ஆட்டம்கூட ஜெயிக்க முடியாமல் தோற்றார். பரிசு கொடுக்க வந்த கென்ட் சீமாட்டியின் தோளில் சாய்ந்து அழுதார். அந்தப் படம் உலகம் முழுக்க வந்தது. இது நிஜமான தடுமாற்றம், நான் வாதாடப் போறதில்லை. 1997இல் மறுபடி இறுதிக்கு வந்தார், ஹிங்கிஸிடம் தோற்றார். எதிரணிக் கணக்குப்படி அப்பவே அவர் மட்டையை மடிச்சு வச்சிருக்கணும். 1998இல் மறுபடி வந்தார். டோசியாவை நேர் செட்களில் வென்று கோப்பையைத் தூக்கினார். 2017இல், 49 வயதில், அந்த அம்மா காலமானார். இன்னைக்கும் அவர் பேரைச் சொன்னா அழுத படம்தான் முதல்ல ஞாபகம் வருதே தவிர, சிரிச்ச படம் வர மாட்டேங்குது. பேர் வச்சதோட வேலை அது.

நம்ம ஊர்க் கதைக்கு வாங்க. சேத்தன் சர்மா. 1986 ஏப்ரல் 18, ஷார்ஜா. கடைசிப் பந்தில் பாகிஸ்தானுக்கு 4 ரன் வேண்டும். மியான்டாட் சிக்ஸர் அடிச்சார். அன்னைக்கு நம்ம வீடுகள்ல பாதிப் பேர் சாப்பிடல. பந்து போட்ட பையனுக்கு 20 வயசு. சரி, அதுக்கு மூணு மாசத்துக்குள்ள இங்கிலாந்துல என்ன நடந்ததுன்னு யாருக்காவது தெரியுமா? லார்ட்ஸில் 5 விக்கெட் எடுத்தார், அந்த டெஸ்டை இந்தியா ஜெயிச்சது. எட்ஜ்பாஸ்டனில் ஒரே டெஸ்டில் 10 விக்கெட்! 1987 உலகக் கோப்பையில் நாக்பூரில் ஹாட்ரிக். உலகக் கோப்பை வரலாற்றிலேயே முதல் ஹாட்ரிக் அது, மூணும் போல்டு! ஒரு பந்து ஞாபகம் இருக்கு, மூணு பந்து மறந்துபோச்சு. கெட்டது ஒண்ணு நல்லது நூறை அடிச்சுச் சாப்பிட்டுடுது. (கைதட்டல்)

"கோடி கோடியா வாங்குறான்ல, கேக்கட்டுமே"ன்னு எதிரணிச் சகோதரி சொன்னாங்க. ஆட்டம் சரியில்லைன்னா சரியில்லைன்னு சொல்லுங்க, உரிமை இருக்கு. நானே டி.வி. முன்னாடி உட்கார்ந்து சொல்லுவேன், சத்தமாவே சொல்லுவேன். அவன் சம்பளம் வாங்குறது ஆட்டத்துக்கு. உங்ககிட்ட பேர் வாங்குறதுக்கா?

கோடி வாங்குறவனாவது தாங்கிக்குவான். நான் பார்க்கிறது வேற. என் வகுப்புல ஒரு பையன். வருஷம் பூரா நல்லாப் படிப்பான், பெரிய பரீட்சையில கொஞ்சம் குறையும். அவங்க அப்பா வந்தார். பையன் பக்கத்துல நிக்கிறான். "சார், இவன் எப்பவும் இப்படித்தான் சார். கடைசி நேரத்துல கோட்டை விட்டுருவான். இவன் ராசி அப்படி"ன்னார். நான் அந்தப் பையன் முகத்தைப் பார்த்தேன். அவன் மறுக்கல, கோபப்படல. தலையாட்டினான் ஐயா. "ஆமா சார், நான் அப்படித்தான்"னு தலையாட்டினான். 16 வயசு. (அரங்கில் அமைதி) அடுத்த பரீட்சைக்கு அவன் உள்ளே போகும்போது கேள்வித்தாள் ஒண்ணு, அப்பா வச்ச பேர் ஒண்ணு, ரெண்டுக்கும் சேர்த்துப் பதில் எழுதணும். மூணு மணி நேரம் போதுமா? மைதானத்துக்குள்ள போற தென்னாப்பிரிக்கக்காரனுக்கும் அதே நிலைமைதான். எதிரே 11 பேர், பின்னாடி இந்தப் பேர், ஆக 12 பேரோட ஆடுறான்.

நடுவர்: நல்ல கணக்கு.

நம்ம புராணத்துல கர்ணனைப் பாருங்க. கடைசி நாள் போர். தேர்ச் சக்கரம் புதைஞ்சது, படிச்ச மந்திரம் மறந்துபோச்சு. எதிரணி இலக்கணப்படி உலகத்தின் முதல் சோக்கர் அவன்தான்! (சிரிப்பு) நம்ம மக்கள் என்ன பேர் வச்சாங்க? கொடைவள்ளல்னு வச்சாங்க. வாழ்ந்த முழு வாழ்க்கையைப் பார்த்துப் பேர் வச்சாங்க, புதைஞ்ச சக்கரத்தைப் பார்த்து வைக்கல. (பலத்த கைதட்டல்)

இன்னும் ஒண்ணு. 2019 அரையிறுதி, மான்செஸ்டர். நியூசிலாந்தோட. நம்ம முதல் மூணு பேரும் ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு. ஏதோ டெலிபோன் நம்பர் மாதிரி! (சிரிப்பு) கடைசியில தோனி ரன் அவுட். அழுதோம். தோனியை யாராவது சோக்கர்னு சொல்லிட்டுச் சென்னையில தெருவுல நடந்திருக்க முடியுமா? (சிரிப்பு, விசில்) நம்ம பிள்ளைன்னா ‘பாவம், அரை அடி’. அடுத்த வீட்டுப் பிள்ளைன்னா ‘சோக்கர்’.

2024 ஜூன் 29, பார்படாஸ், இருபது ஓவர் உலகக் கோப்பை இறுதி. தென்னாப்பிரிக்காவுக்கு 30 பந்தில் 30 ரன், கையில் 6 விக்கெட். 7 ரன்னில் தோற்றார்கள். நாம என்ன சொன்னோம்? பும்ரா பந்து போட்டதைப் பார்த்தியா, எல்லைக்கோட்டுல சூர்யகுமார் பிடிச்சதைப் பார்த்தியான்னோம். சரி. அப்ப நம்ம ஆளுங்க திறமையால ஜெயிச்சோம்னா, அவங்க தொண்டை அடைச்சுத் தோத்தாங்கன்னு எப்படிச் சொல்றது? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. அவங்களைச் சோக்கர்னு சொல்லச் சொல்ல, பும்ராவோட பந்துக்குத்தான் மதிப்புக் குறையுது.

(மணி ஒலிக்கிறது)

மணி அடிச்சுட்டாங்க. ஐயா, ஒரே ஒரு ஆட்டம், சொல்லிட்டு உட்கார்ந்துடறேன்.

நடுவர்: கடைசி நேரத்துல கோட்டை விட்டுடாதீங்க. (சிரிப்பு)

அந்தப் பார்படாஸ் தோல்வியில் தென்னாப்பிரிக்காவின் கேப்டன் எய்டன் மார்க்ரம். அடுத்த வருஷம், 2025 ஜூன், லார்ட்ஸ் மைதானம், டெஸ்ட் உலகச் சாம்பியன் இறுதிப் போட்டி. எதிரே ஆஸ்திரேலியா. இப்ப கேப்டன் டெம்பா பவுமா. முதல் இன்னிங்ஸில் மார்க்ரம் எடுத்தது பூஜ்யம். அணி 138இல் சுருண்டது. ரபாடா இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 9 விக்கெட் எடுத்துக் கொடுத்தார். இலக்கு 282. பவுமாவுக்குத் தொடைத் தசை பிடித்துக்கொண்டது. நொண்டுகிறார். போ என்று சொன்னால் போகலாம், போகவில்லை. நொண்டிக்கொண்டே மார்க்ரமோடு ஓடி ஓடி ரன் எடுத்தார். இரண்டு பேரும் சேர்ந்து 147. மூன்றாம் நாள் முடிவில் 2 விக்கெட்டுக்கு 213. மார்க்ரம் 102, பவுமா 65.

இன்னும் 69 ரன், கையில் 8 விக்கெட். பார்படாஸில் யோசிக்க நேரம் இல்லை. இங்கே ஒரு ராத்திரி முழுக்க இருக்கு. 69 ரன்னோட, அந்தப் பேரோட படுக்கணும்.

மறுநாள் காலையில் பவுமா 66இல் போனார். மார்க்ரம் நின்றார். 136 எடுத்து, இன்னும் 6 ரன் என்கிற இடத்தில்தான் வெளியே வந்தார். 5 விக்கெட் வித்தியாசத்தில் தென்னாப்பிரிக்கா ஜெயித்தது. 1998இல் டாக்காவில் ஒரு ஐ.சி.சி. கோப்பை வாங்கியவர்கள், 27 வருஷம் கழித்து அடுத்ததைத் தூக்கினார்கள். (பலத்த கைதட்டல்)

அதே ஆள், அதே கை, அதே தொண்டை. எதிரணியில் அடுத்துப் பேச வருகிற நண்பருக்கு என் கேள்வி இது. 2024 ஜூன் 29 ராத்திரி மார்க்ரமுக்குப் பேர் சோக்கர்னா, 2025 ஜூன் 14 மத்தியானம் அவருக்கு என்ன பேர்? அதை மட்டும் முதல்ல சொல்லிட்டு, அப்புறம் அவர் பேச்சை ஆரம்பிக்கட்டும். (நீண்ட கைதட்டல்)